நாலு பல்லுப் பாட்டு

எங்கள் மகள் பதினொரு மாதத்தில் இறந்தாள். இரண்டு நாள் வயிற்றோட்டம். ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸிலேயே உடம்பு குளிர்ந்துவிட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பிக் காணி எடுத்து, அப்போது மூன்று வருடம்கூட ஆகவில்லை. பச்சைக் குழந்தை என்றபடியால் எரிக்காமல் புதைத்தோம். எட்டாம் நாள், முப்பத்தோராம் நாள் சடங்கு ஒன்றும் இல்லை. வந்தவர்கள் தேத்தண்ணீர் குடித்துவிட்டு வயலுக்குப் போனார்கள்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்க எனக்கு வராது. தனியாக இருந்தால் பாட்டுக் கட்டுவேன். அந்த மாதம் மகளுக்காகப் பன்னிரண்டு பாட்டுக் கட்டி ஒரு கொப்பியில் எழுதினேன். மனைவிக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். நான் வாசிக்க வாசிக்க அவள் பாடமாக்கினாள். அவளுக்குப் பிடித்த வரி, ‘நாலு பல்லுத் தெரிய நகைத்த முகம் காண்பேனோ’ என்பது. மேலே இரண்டு, கீழே இரண்டு. மகளுக்கு அவ்வளவுதான் முளைத்திருந்தன. குசினியில் அரிசி புடைக்கும்போதெல்லாம் அதைத்தான் பாடுவாள்.

ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் அவரைப் பற்றிய பாட்டுகளைச் சிறு புத்தகமாக அச்சடித்து, சபையில் வாசித்து, எல்லோருக்கும் கொடுப்பது எங்களுடைய வழக்கம். அதைக் கல்வெட்டு என்போம். எங்கள் பகுதியில் கல்வெட்டு எழுதிப் பாடுகிறவர் வேலையிலிருந்து இளைப்பாறிய வாத்தியார் ஒருவர். மகளுக்கும் ஒன்று அடிக்கலாமா என்று கேட்க, கொப்பியோடு அவரிடம் போனேன்.

“சின்னனுக்குக் கல்வெட்டோ? அப்பிடி வழக்கம் இல்லைத் தம்பி,” என்றார். பிறகு கொப்பியைப் புரட்டினார். “பாட்டுப் பரவாயில்லை. வைச்சிட்டுப் போம். பிழை திருத்தித் தாறன்.”

கொப்பியைத் திருப்பிக் கேட்க வெட்கப்பட்டே ஒரு வருடம் போய்விட்டது.

அப்போதுதான் நெல் மில்காரரின் தாயார் காலமானார். எண்பது வயதுக்குக் கிட்ட. முப்பத்தோராம் நாள் பந்தலுக்கு நானும் மனைவியும் போனோம். வாத்தியாரே கல்வெட்டை ராகமாக வாசித்தார். கோத்திரம், குடும்பம் எல்லாம் முடிந்து புலம்பல் பகுதி வந்தது. என் பாட்டுகள். ‘மகளே’ என்று நான் எழுதிய இடமெல்லாம் ‘தாயே’ என்று இருந்தது. மற்றதெல்லாம் அப்படியே. நாலு பல்லும் அப்படியே.

“வாத்தியார் சரியாத்தான் பாடியிருக்கிறார்,” என்றார் எனக்குப் பக்கத்தில் இருந்தவர். “மனிசிக்கு நாலு பல்லுத்தானே கிடந்தது!”

“அதிலயும் ஒண்டு ஆட்டம்,” என்றார் பின்னால் இருந்தவர்.

பந்தலே சிரித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த மில்காரரும் சிரித்தார். பெண்கள் பக்கத்திலிருந்து என் மனைவி எழுந்து, சாப்பிடாமலே வெளியே நடந்தாள். நான் பின்னால் ஓடினேன்.

“எழும்பிச் சொல்லியிருக்கலாமே, இது எங்கட பிள்ளையின்ர பாட்டெண்டு,” என்றாள்.

“செத்தவீட்டுக்காரருக்கு முன்னால அதை எப்பிடிச் சொல்லுறது?”

“எங்களுக்கும் செத்ததுதானே.”

மறுநாள் வாத்தியாரிடம் போனேன். சைக்கிளில் வழி நெடுகச் சொல்லிப் பார்த்த வார்த்தைகள் அவர் வீட்டு வாசல் படலையடியிலேயே மறந்துபோயின.

“ஐயா, அது… நான் எழுதின பாட்டு.”

“ஓம், உம்மடதான். ஆர் இல்லையெண்டது? சனத்துக்கு நல்லாப் பிடிச்சுப்போச்சு.” புத்தகத்தின் பின்பக்கத்தைக் காட்டினார். அவர் பெயருக்குக் கீழே ‘உரிமை ஆக்கியோனுக்கே’ என்று இருந்தது. “இது அச்சுக்கூடத்தில எல்லாத்துக்கும் போடுறது. நீர் எங்கையும் பதிஞ்சு கிதிஞ்சு வைச்சனீரோ? கல்வெட்டெண்டால் ஒருத்தற்ற பாட்டை மற்றவர் எடுக்கிறதுதான். நானும் அப்பிடித்தான் பழகினனான். வேணுமெண்டால் அடுத்த கல்வெட்டில உம்மட பேரையும் போடுறன்.”

“என்ர பேர் வேண்டாம் ஐயா.”

“பின்னை?”

மகளின் பெயர்தான் வேண்டும் என்று சொல்லத் தெரியவில்லை. கொப்பியைத் தாருங்கள் என்று மட்டும் கேட்டேன். அது அச்சுக்கூடத்துக்குப் போனது, திரும்பி வரவில்லை என்றார். அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை.

இப்போது பக்கத்துக் காணிக்காரர் வானொலிக்குப் பாட்டு எழுதி அனுப்புகிறார். பாட்டுகளை எங்காவது பதிந்து வைக்க வேண்டுமா, நம்மைப்போன்றவர்களுக்கு அதெல்லாம் தேவையா என்று கேட்டார். பதியும் வழி எனக்குத் தெரியாது. பதிந்திருந்தாலும் அந்தப் பந்தலில் நான் எழுந்து பேசியிருப்பேனா என்பது சந்தேகம். ஆனாலும் பதியுங்கள் என்றுதான் சொன்னேன். யாருக்காக எழுதினீர்கள் என்பதையும் கீழே எழுதுங்கள், இருக்கிற ஒரே பிரதியை யாரிடமும் கொடுக்காதீர்கள் என்றேன்.

கொப்பி போனபின், பாட்டுகள் எழுத்தில் மிஞ்சியது அந்தக் கல்வெட்டில் மட்டும்தான். பந்தலில் எனக்குத் தந்த பிரதியை எடுத்து, பென்சிலால் ஒவ்வொரு ‘தாயே’யையும் வெட்டி ‘மகளே’ என்று எழுதினேன். மனைவியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். மட்டையில் இருந்த மில்காரரின் தாயாரின் படத்தைப் பார்த்தாள். புத்தகத்தைத் தொடவில்லை.

“குசினியில பழையபடி பாடன்,” என்றேன்.

“பாடிப் பார்த்தனான். மில்காரற்ற தாய்தான் முன்னுக்கு வாறா. பிள்ளை வரேல்லை.”