உட்காருவதா, நிற்பதா

எங்கள் ஊர் பால் சொசைட்டியில் செவ்வந்தி அக்காவைக் கண்டால் எல்லோருக்கும் கொஞ்சம் பயம். கூப்பிட்டால் தலையை மட்டும் திருப்ப அவளால் முடியாது. உடம்பு முழுவதையும் திருப்பித்தான் பார்ப்பாள். அதற்குள் கூப்பிட்டவருக்குப் பாலில் ஊற்றிய தண்ணீர் ஞாபகம் வந்துவிடும்.

"இன்னா சேட்டு, உம் மாடு ஏரியில நீஞ்சிட்டு வந்துதா?"

"மழைக்காலம்மே, புல்லுல தண்ணி ஜாஸ்தி."

"புல்லுலயா, குடத்துலயா?"

வலது கை முழங்கையில் மடங்கி நின்றுவிட்டதால் இடது கையால்தான் பாலை அளப்பாள். காலையும் மாலையும் நின்றபடியே வேலை. மாதச் சம்பளம் வாங்குகிற ஒரே ஆள் அந்த வீட்டில் அவள்தான்.

ஐப்பசியில் அவளுடைய இடது இடுப்பு வீங்கியது. அவள் அம்மா திலகா மழையில் வழுக்கிய சுளுக்கு என்றார். வலி தாங்காமல் சென்னைக்குப் போனோம். தெருவில் முதலில் பட்டம் வாங்கியவன் என்பதால் துணைக்கு என்னை அனுப்பினார்கள். டாக்டரம்மா இடுப்பைத் தொடும் முன் செருப்பைக் கழற்றச் சொன்னார். பிறவியிலேயே குட்டையாகி உள்பக்கம் வளைந்திருந்த இரண்டு கட்டைவிரல்களையும் பார்த்ததும், "இத்தனை வருஷமா யாருமே சொல்லலையா?" என்று கேட்டார்.

தசையும் தசைநாணும் எலும்பாக மாறுகிற நோய். பத்து இருபது லட்சம் பேரில் ஒருவருக்கு வரலாம். வெட்டி எடுத்தால் அந்த இடத்தில் இன்னும் அதிகமாக எலும்பு வளரும். தசையில் ஊசி கூடாது. அமுக்கவோ தேய்க்கவோ கூடவே கூடாது. "இந்த இடுப்பும் பூட்டிக்கொள்ளலாம். எந்த நிலையில் பூட்டுகிறதோ, அப்படியேதான் இருக்கும்" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் செங்கல்பட்டு தாண்டியதும், "தம்பி, தேய்க்கக் கூடாதுன்னு சொன்னத வேதகிரி மாமா காதுல போட்டுறாத" என்றாள்.

வேதகிரி பிறக்கும்போது கால் முதலில் வந்தவர். அப்படிப் பிறந்தவர் காலால் நீவினால் சுளுக்கு போகும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். சின்ன வயதில் வரப்பில் விழுந்த செவ்வந்தியின் கழுத்தை நீவிவிட்டவர் அவர். அந்த வருஷம் முடிவதற்குள் அவள் கழுத்து இறுகிப்போனது.

வீட்டில் வாக்குவாதம். "உக்காந்த மாதிரியே ஆயிட்டா வண்டியில வெச்சுத் தள்ளிக்கினு போலாம். நின்னுட்டா, எனக்கப்புறம் உன்ன யாருடி படுக்க வெச்சு எழுப்புவா?" என்றார் திலகா.

"உக்காந்தா வூட்டோட போச்சும்மா. நின்னா சொசைட்டிக்குப் போவேன்."

மகளை அசைக்க முடியாத திலகா மறுநாளே வேதகிரியைக் கூட்டிவந்துவிட்டார். தேய்க்கக் கூடாது என்பதை நாங்கள் திலகாவிடமும் சொல்லியிருக்கவில்லை. நான் மாத்திரை கொடுக்கப் போனபோது, அவர் காலைக் கழுவிக்கொண்டு விளக்கெண்ணெயோடு நின்றிருந்தார்.

"பாயில குப்புறப் படும்மே. ரெண்டு வழி வழிச்சா எறங்கிடும்."

"வேணாம் மாமா."

"மாமன் கிட்ட இன்னாடி கூச்சம்? எத்தினி பேருக்கு வழிச்ச கால் இது!"

அவள் சுவரோடு ஒட்டி நின்றாள். அவர் தோளைப் பிடித்துப் பாய்ப்பக்கம் நகர்த்தினார். அவள் கத்தினாள்: "கழுத்துக்கும் நீதான் மாமா வழிச்ச!"

அவர் கை தானாக விலகியது. டாக்டர் சொன்னதையும், பூட்டினால் நின்றபடியே பூட்டட்டும் என்று தான் நினைப்பதையும் அவள் சொன்னாள். கேட்டு முடித்ததும் கீழே உட்கார்ந்துவிட்டார்.

"அப்போ என்னாலதானா?"

"ஒன்னால இல்ல. பொறக்கும்போதே எனக்குள்ள கீது. நீ தேய்க்காட்டியும் எப்பயாச்சும் வந்திருக்கும்."

"இத்தினி நாளா ஏன் சொல்லல?"

"எனக்கே இப்பதான் தெரியும். தெரிஞ்ச பிறகும் சொல்ல மனசு வர்ல."

அவர் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசலில் நின்று திலகாவிடம், "தங்கச்சி, ஒம் பொண்ணு நிக்கறேன்னு சொல்லுது பாரு, உட்டுடு. படுக்க வைக்க, எழுப்ப, ஆள் வேணும்னா நாங்க கீறோம்" என்றார். திலகா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தலையாட்டினார்.

அன்றிலிருந்து வலி எவ்வளவு இருந்தாலும் செவ்வந்தி நாற்காலிப் பக்கம் போகவில்லை. தை பிறப்பதற்குள் இடுப்பு பூட்டிக்கொண்டது, நேராக. பஸ் சீட்டில் இனி உட்கார முடியாது. காஞ்சிபுரத்துக்கு மீட்டிங் என்றால் சேட்டின் லோடு ஆட்டோவில், பால் கேன்களுக்கு நடுவே கம்பியைப் பிடித்துக்கொண்டு போகிறாள்.

"அம்மன் ஊர்கோலம் போற மாதிரி கீது" என்று சேட்டு கிண்டல் செய்தார்.

"அப்போ தேங்காய ஒடச்சிட்டு வண்டிய எடு" என்றாள்.