எட்டுப் பெட்டியும் ஒரு மாடிப்படியும்

கலியபெருமாள் அண்ணனுக்கு எதையும் எட்டு எட்டாகச் செய்தால்தான் திருப்தி. பிளைவுட் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கிளாம்ப் போட்டு இறுக்கி, ஒரே அச்சை வைத்துக் கோடு இழுப்பார். எட்டுக்கும் பக்கப்பலகை அறுத்து முடித்த பிறகுதான் முதுகுப்பலகையைத் தொடுவார். கடைசி வாரம் வரை ஒரு பெட்டிகூட எழுந்து நிற்காது. எனக்குத் தலை வெடிக்கும். ஆளுயரப் பெட்டி, இடுப்புக்கு மேலே ஜாய்ஸ்டிக்கும் பட்டனும், அதற்கும் மேலே திரை; நின்றுகொண்டே விளையாடும் வீடியோ கேம். மரவேலை அவருடையது, ஒயரிங் என்னுடையது. நான் மீரா உசேன், டிவி மெக்கானிக்.

அண்ணன் பூம்புகார்க்காரர். படகு செய்வார், பழுது பார்ப்பார், கடலுக்கும் போவார். போன ஐப்பசியில் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து, டீசல் கேனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஏழு மணி நேரம் மிதந்தார். அன்றிலிருந்து அவர் மனைவி நாகம்மாளுக்கு ஒரே பேச்சுதான், கடல் வேண்டாம். அண்ணனும் அவரிடம் ஒரு கணக்குச் சொல்லியிருந்தார்: இந்த எட்டும் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தால் அடுத்த ஆர்டர் வரும், கரையிலேயே இருந்துவிடுவேன். இல்லையென்றால் மீன்பிடித் தடைக்காலம் முடிகிற திங்கட்கிழமை, ஊர்க்காரர் ரெங்கசாமியின் படகில் ஏறிக் கடலுக்குப் போவேன். பிடிவாதக்கார மனுஷன், சொன்னால் செய்துவிடுவார்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு எட்டுப் பெட்டியோடு மினி லாரி தஞ்சாவூர் கீழவாசலில் நின்றது; நாகம்மாளும் எங்களோடு வந்திருந்தார். ஆர்டர் கொடுத்த ஸ்ரீரஞ்சனி சென்னை வேலையை விட்டுவிட்டு வந்து முதல் மாடியில் கேம் சென்டர் வைக்கிற பெண். சாயங்காலம் நாலரைக்குத் திறப்பு, பத்திரிகை அடித்தாகிவிட்டது. முதல் பெட்டியை அண்ணன், நான், லோடு ஆள் இரண்டு பேர் என நாலு பேர் தூக்கிக்கொண்டு படியேறினோம். பாதியில் படி திரும்புகிற இடத்தில் பெட்டி சுவரில் இடித்து நின்றது. சாய்த்தோம், படுக்க வைத்தோம், தலைகீழாகப் பிடித்தோம். திரும்பவே இல்லை.

"மாடி ஹாலை அளந்தீங்கள்ல?" என்றேன்.

"அளந்தேன் பாய். நீளம், அகலம், உயரம் எல்லாம் அளந்தேன்."

"படிய?"

அண்ணன் அப்போதுதான் டேப்பை எடுத்துப் படி திரும்புகிற இடத்தை அளந்தார். எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. வாழ்நாள் முழுக்கப் படகு செய்த ஆள். வெட்டவெளியில் செய்து, மணலில் தள்ளிக்கொண்டு போய் நேரே தண்ணீரில் விடுகிற வேலை. செய்த பொருள் ஒரு சந்துக்குள் நுழைந்து போக வேண்டும் என்ற நினைப்பே வந்திருக்காது. ஒன்றைச் செய்து ஏற்றிப் பார்த்திருந்தால் ஒன்றோடு போயிருக்கும். அச்சு வைத்துச் செய்ததில் எட்டிலும் அதே தப்பு.

ஸ்ரீரஞ்சனி மேலே நின்று பார்த்தாள். "நாலரைக்கு எல்லாரும் வந்துருவாங்க அண்ணா. காலி ஹாலையா திறக்கறது?" என்றாள்.

அண்ணன் பெட்டியைக் கீழே இறக்கச் சொன்னார். பட்டன் பலகைக்குக் கீழே சுற்றிலும் பேப்பர் டேப் ஒட்டி, அதன்மேல் பென்சிலால் கோடு இழுத்தார். "ரெண்டா அறுத்துடறேன். மேல கொண்டுபோய் உள்ளுக்குள்ள சட்டம் வச்சு போல்ட் போட்டுக்கலாம்."

கோடு கொஞ்சம் கோணினாலும் மேல்பாதி சாயும். மெஷின் ரம்பம் போட்டால் பலகைமேல் ஒட்டிய சன்மைக்கா சில்லு சில்லாகப் பெயரும். கைரம்பம்தான் வழி. அறுக்கும்போது பலகை அதிராமல் உள்ளேயிருந்து யாராவது கட்டையை அழுத்திப் பிடிக்க வேண்டும். படகு வேலையிலும் அப்படித்தான், வெளியே ஒருவர், உள்ளே ஒருவர்.

"நான் போறேன்" என்று நாகம்மாள் பெட்டியின் பின்கதவு வழியாக உள்ளே புகுந்து குந்திக்கொண்டார். எங்களில் அவர்தான் சிறிய உடம்பு.

நான் திரையையும் ஒயரையும் கழற்றிக் கொடுக்க, அண்ணன் அறுத்தார். ஒவ்வொரு இழுப்புக்கும் ரம்பத்தின் முனை உள்ளே போய் வந்தது. "இழுங்க… மெதுவா… இழுங்க" என்று உள்ளேயிருந்து குரல் வரும். அது நின்றால் அண்ணன் கையும் நின்றுவிடும். முதல் பெட்டி இரண்டாகப் பிரிந்தபோது ஒரு மணி நேரம் போயிருந்தது. இந்த வேகத்தில் போனால் ராத்திரியாகிவிடும் என்று நான் கத்தினேன். அண்ணன் காதில் வாங்கவில்லை. ஆனால் அடுத்தடுத்த பெட்டிக்குக் கை பழகிவிட்டது. சாப்பாட்டுக்குக்கூட யாரும் எழுந்திருக்கவில்லை. எட்டாவது பெட்டியின் கடைசி போல்டை முடுக்கியபோது மணி நாலு இருபது. சுவிட்சைப் போட்டேன். எட்டுத் திரையும் எரிந்தன. நான் அழுதுவிட்டேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

ஸ்ரீரஞ்சனி ஒரு பெட்டியின் பக்கத்தில் குனிந்து இணைப்புக் கோட்டை விரலால் தடவினாள்.

"அடுத்த சென்டருக்குத் திருவாரூர்ல பார்த்திருக்கிற இடமும் மாடிதான் அண்ணா. அங்கயும் எட்டு வேணும். இதே மாதிரி ரெண்டா பிரியணும்" என்றாள்.

அண்ணன் நாகம்மாளைத் தேடிக்கொண்டு ஓடினார். பின்னாலேயே நானும் போனேன். நாகம்மாள் கீழே லாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இடது கையில் முந்தானை சுற்றியிருந்தது, துணி நனைந்து கறுத்திருந்தது. அண்ணன் பிரித்துப் பார்த்தார். மூன்று விரல் ரம்பப் பல்லில் கிழிந்திருந்தன.

"எப்ப ஆச்சு?"

"மூணாவது பெட்டியில."

"ஏன்டி சொல்லல?"

"சொன்னா ரம்பத்தைக் கீழ போட்டிருப்பீங்க" என்றார் நாகம்மாள். "அப்புறம் திங்கக்கிழமை நீங்க படகுல போயிருப்பீங்க, நான் கரையில நின்னு கடலைப் பாத்துக்கிட்டு இருந்திருக்கணும்."