ஓட்டையில்லாத கீரை

அந்தச் சனிக்கிழமை விடிவதற்கு முன் தாயும் மகனும் சேர்ந்து கீரை கட்டினார்கள். நவமணி நெற்றியில் விளக்கை மாட்டியிருந்தாள். ரப்பர்ப் பால் எடுக்க மரம் வெட்டிய காலத்துப் பழக்கம். அவள் ஒரு பிடி அள்ளி, வேர்மண்ணைத் தட்டி நீட்டுவாள். தனேஷ் வாழைநாரால் இரண்டு சுற்று சுற்றி முடிச்சுப் போடுவான்.

"ரொம்ப இறுக்காதடா. அது கீர, கம்பி இல்ல."

அவன் பினாங்கில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் பழுது பார்ப்பவன். எதையும் இறுக்கித்தான் பழக்கம்.

பத்தாவது கட்டில் அவன் கை நின்றது. இலைகளில் ஓர் ஓட்டைகூட இல்லை. பின்பாத்திக் கீரை.

"இதையும் அறுத்துட்டியாம்மா?"

"பொரட்டாசி மொத சனிக்கெழமடா. இன்னிக்கி விக்காம என்னிக்கி விக்கிறது? இதுக்குன்னே நாள் பாத்து வெதச்சது."

செவ்வாய்க்கிழமை விடுமுறைக்கு வந்திருந்தபோது, அவள் ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருந்த நேரத்தில், அந்தப் பாத்திக்குப் பூச்சி மருந்து அடித்தவன் அவன்தான். அடித்தால் ஏழு நாள் அறுக்கக் கூடாது என்று போத்தலில் எழுதியிருந்தது. செடி சின்னது, அறுப்புக்குப் பத்து நாளாவது ஆகும் என்று கண்ணாலேயே அளந்தான். புரட்டாசி அவன் கணக்கில் வரவில்லை. இன்று நான்காவது நாள். நடுவில் இரண்டு மழை பெய்திருக்கிறது, கழுவிப் போயிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அடுத்த கட்டை முடிந்தான்.

நவமணிக்கு மருந்து புதிதல்ல. சிம்மோருக்கு அப்பால் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில் பிறந்து, பதினைந்து வயதில் மரம் வெட்டப் போனவள். ரப்பரை அழித்து எண்ணெய்க்குச் செம்பனை நட்டதும் அவளை மருந்தடிக்கும் கும்பலில் போட்டார்கள். முதுகில் பதினெட்டு லிட்டர் தொட்டி. கையுறை கேட்டால் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் சிரிப்பான். பதினோரு வருடம் அடித்தாள். மூக்கில் ரத்தம் வரும். விரல் நகங்கள் கறுத்து ஒவ்வொன்றாக விழுந்தன. திரும்ப முளைத்தவை கோணலாக முளைத்தன. அதே கும்பலில் இருந்த கணவன் மாயாண்டி நாற்பத்தாறு வயதில் சிறுநீரகம் கெட்டுச் செத்தான். மருந்தினால்தான் என்று எந்தத் தாளிலும் யாரும் எழுதவில்லை.

பிறகு தோட்டத்தை வீடு கட்ட விற்றார்கள். மலிவு விலை வீடு ஒன்று கிடைத்தது, வேலை கிடைக்கவில்லை. வீட்டுக்குப் பின்னால், சாக்கடைக்கும் வேலிக்கும் நடுவே கிடந்த துண்டு நிலத்தைக் கொத்தினாள். கீரை, வெண்டை, பாகல். தாமான் குடியிருப்பின் காலைச் சந்தையில் ஒரு மடக்கு மேசை. தனேஷ் பாலிடெக்னிக் முடித்தது அந்த மேசையால்தான்.

தன் செடிக்கு அவள் மருந்தடித்ததே இல்லை. இருட்டோடு எழுந்து விளக்கை மாட்டிக்கொண்டு புழுவைக் கையால் பொறுக்குவாள். தப்பிய புழு தின்றது போக மீதிதான் விற்பனைக்கு. ஓட்டைதான் அவள் சரக்குக்கு முத்திரை. "புழு தின்னு சாகலன்னா நீயும் சாகமாட்ட" என்பாள். புது ஆள் தயங்கினால் ஓர் இலையைக் கிள்ளிப் பச்சையாகவே மென்று காட்டுவாள்.

அறுபத்து மூன்று வயதில் அந்த முதுகு வளைவதைப் பார்க்க முடியாமல்தான் தனேஷ் அடித்தான். கேட்டால் விடமாட்டாள். அதனால் கேட்கவில்லை.

எட்டு மணிக்குள் பாதி விற்றுவிட்டது. பத்து வருடமாக அவளிடமே வாங்கும் புஷ்பலதா ஒரு கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்னாக்கா, ஓட்டையே காணோம்? இந்த மாசம் புழுவும் வெரதமா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"புழுவுக்கும் பெருமாள் பக்தி வந்துருச்சி லா" என்றபடி நவமணி ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டாள்.

"துப்பும்மா!"

தனேஷின் குரல் எல்லாருக்கும் கேட்டது. அவள் மெல்லுவதை நிறுத்தினாள். கையிலிருந்த காம்பைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள். உள்ளங்கையில் துப்பினாள்.

"என்னிக்கி அடிச்ச?"

"செவ்வாக்கெழம. ஏழு நாள் விட்டா ஒண்ணும் ஆவாதும்மா, போத்தல்ல…"

"காலையில கட்டுறப்பவே தெரியுமா?"

அவன் தலைகுனிந்தான்.

"என் நகத்த பாத்துத்தானடா வளந்த?"

மீதிக் கட்டுகளைச் சாக்கில் திணித்துக் குப்பைத் தொட்டியில் போட்டாள். அதற்குள் பதினான்கு பேர் வாங்கிப் போயிருந்தார்கள். யார், எத்தனை கட்டு, எந்த வீடு, எல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

"தெரிஞ்ச நம்பருக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லிரலாம்மா."

"மொகத்த பாத்துத்தான் வித்தேன். மொகத்த பாத்துத்தான் சொல்லணும்."

அவன் கார்ச் சாவியை எடுத்தான்.

"ஒன் காரு வேணாம்."

மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளம்பினாள். தனேஷ் பின்னாலேயே காரில் போனான். ஒவ்வொரு வாசலிலும் அவள் இறங்கி நின்று அதே வார்த்தைகளைச் சொன்னாள்: "கீரைக்கி மருந்தடிச்சிருக்கு. சாப்புடாதீங்க." மகன் அடித்தான் என்று ஒரு வீட்டிலும் சொல்லவில்லை. சிலர் சிரித்தார்கள். "கடையில விக்கிறது எல்லாமே மருந்துதானக்கா, இதுக்கா வெயில்ல வந்தீங்க?" என்றார்கள். இரண்டு பேர் ஏற்கெனவே சமைத்திருந்தார்கள். சட்டியைக் கொட்டும்வரை அவள் நகரவில்லை. பதினோராவது வீட்டில் ஒரு பெண் கதவைப் பாதி மூடிக்கொண்டு கேட்டாள்.

"அப்ப இத்தன வருசமா அடிச்சித்தான் வித்தீங்களா?"

நவமணி திரும்பி நடந்தாள். மோட்டாரை உதைத்தாள். மூன்றாவது உதைக்குத்தான் கிளம்பியது.

கடைசி வீடு தஞ்சோங் ரம்புத்தானில், எல்ஸியுடையது. பூட்டியிருந்தது. எல்ஸியின் நம்பர் இருவரிடமும் இல்லை.

"நாளைக்கி மத்தியானத்துக்குன்னுதான் வாங்குனா. காலையில அவ மாதா கோயிலுக்குப் போறதுக்குள்ள வந்து சொல்லிரணும்" என்றாள் நவமணி. அவனைப் பார்த்துச் சொல்லவில்லை. பூட்டைப் பார்த்துச் சொன்னாள்.

ஞாயிறு காலை ஐந்தரைக்குச் சமையலறைப் படியில் சத்தம் கேட்டு அவன் ஓடினான். நவமணி படியில் சரிந்து கிடந்தாள். ஒரு காலில்தான் பூட்ஸ் ஏறியிருந்தது. விளக்கு நெற்றியில் எரிந்துகொண்டிருந்தது. ஈப்போ பெரிய மருத்துவமனைக்குப் போய்ச் சேரும்போது உயிரில்லை.

இதயம் என்றார் டாக்டர். பல வருட அடைப்பு. தனேஷ் இலையைப் பற்றிக் கேட்டான். மென்று துப்பிய ஓர் இலையால் இப்படி ஆகாது என்றார். அவனும் போத்தலைப் பார்த்துக் கணக்குப் போட்டான். மூன்று முறை போட்டான். விடை ஒன்றேதான், ஓர் இலையில் இருப்பது உயிரைக் குடிக்கும் அளவல்ல. வெயிலில் பதினான்கு வாசல் ஏறி இறங்கியதற்கும், பதினோராவது வாசலில் கேட்ட கேள்விக்கும் அளவு எந்தப் போத்தலிலும் எழுதியிருக்கவில்லை.

திங்கட்கிழமை எடுத்தார்கள். எல்ஸி வந்திருந்தாள். கண்களைத் துடைத்துக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சனிக்கெழம நல்லாத்தானே தம்பி இருந்தாங்க. சிரிச்சிக்கிட்டே கீர குடுத்தாங்க. நேத்து மத்தியானம் கடஞ்சேன், பேரப்புள்ளகூட ரெண்டு தடவ கேட்டு வாங்கிச் சாப்புட்டான். ஒரு ஓட்டகூட இல்ல, அம்புட்டு அழகு. உங்கம்மா கையால வாங்குனா நான் ரொம்ப கழுவக்கூட மாட்டேன்."

"புள்ள… நல்லா இருக்கானா ஆன்டி?"

"அவனுக்கென்னா, வெளிய ஓடிக்கிட்டு இருக்கான்."

"ஆன்டி," என்றான் தனேஷ்.

"சொல்லுப்பா."

வாசலில் யாரோ கொள்ளிச்சட்டிக்கு மகனைக் கூப்பிட்டார்கள். அவன் எழுந்து போனான்.

கருமாதி முடிந்தது. பின்பாத்தியில் புல் மண்டிவிட்டது. சிம்மோரிலிருந்து தஞ்சோங் ரம்புத்தானுக்குக் காரில் கொஞ்ச தூரம்தான். இரண்டு முறை அந்தத் தெருமுனை வரை போய்த் திரும்பியிருக்கிறான்.

பதின்மூன்று பேருக்கு நவமணி சொல்லிவிட்டாள். எல்ஸிக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.