தனி ஏற்பாடு எதுவும் இல்லை

எங்கள் பள்ளியில் பெரும்பாலானவர்கள், அன்றைய தவறைக் கணினி செய்தது என்றே இன்றுவரை நம்புகிறார்கள். நான் அங்கே முதல்வராக இருந்த காலம் முழுவதும் அந்த நம்பிக்கையைத் திருத்தவில்லை. இப்போது எழுதுவது அதற்காகத்தான்.

அரசுப் பள்ளித் தலைமையாசிரியராக ஓய்வுபெற்ற பிறகு, கருமத்தம்பட்டிப் பக்கம் ஒரு தனியார் பள்ளிக்கு முதல்வராகப் போனேன். மனைவி காலமாகி வீடு வெறிச்சென்று கிடந்த நேரம். பள்ளிக்குக் கீழ்த்தளமும் மேலே மூன்று மாடிகளும். லிஃப்டுக்கு என்று விட்ட இடத்தில் உடைந்த பெஞ்சுகள் கிடந்தன. பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகள் மூன்றாவது மாடியில் நடந்தன.

ஆசிரியர் ஒருவர் விடுப்பு எடுத்தால், அந்த நேரத்தில் ஓய்வாக இருக்கும் இன்னொருவரை அவருடைய வகுப்புக்கு அனுப்ப வேண்டும். சப்ஸ்டிட்யூஷன் என்போம். முதல் மணி அடிப்பதற்குள் யாரை எங்கே அனுப்புவது என்று போட்டு முடிப்பது என் வேலை. யாருக்கு முழங்கால் வலி, யாருடைய மாமியார் படுத்த படுக்கை என்பதெல்லாம் என் மனதில் இருந்தது. எதையும் எழுதி வைப்பதில்லை. எழுதி வைத்தால் சலுகை உரிமையாகிவிடும் என்பது என் பழைய அரசாங்கப் புத்தி.

ஆனி மாதக் கடைசியில் கணித ஆசிரியை என் அறைக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"சார், ஒரு விசயமுங்க. உங்ககிட்ட மட்டுந்தான் சொல்றனுங்க."

"சொல்லுங்க அம்மணி."

"நாள் தள்ளியிருக்குதுங்க. இதுக்கு முன்னாடி ரெண்டு தடவ தங்காமப் போயிருச்சுங்க. டாக்டரம்மா மாடி ஏறி எறங்க வேண்டாம்னு கண்டிசனாச் சொல்றாங்க. ஊட்ல லீவு போடச் சொல்றாங்க. பத்தாவது பசங்கள நடுவுல உட்டுப்போட்டு எப்படிங்க போறது?"

"மத்தவங்களுக்குத் தெரிய வேண்டாமா?"

"அஞ்சு மாசம் முடியட்டுங்க சார். போன தடவ முதல்லயே எல்லாத்துகிட்டயும் சொல்லிப்போட்டேன். அப்புறம் ஒவ்வொருத்தர்கிட்டயும் இல்லைன்னு சொல்றதே பெரிய வேலையாப் போச்சுங்க."

அவருடைய பத்தாம் வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றினேன். பொதுத்தேர்வு வகுப்பு அலுவலகத்துக்குப் பக்கத்தில் இருக்கட்டும் என்று காரணம் சொன்னேன். மாற்று வகுப்பு போடும்போது அவரை மேலே அனுப்பாமல் பார்த்துக்கொண்டேன். அதுவரை நான் செய்தது சரிதான்.

அந்தச் சமயத்தில்தான் தாளாளர், கோயம்புத்தூரில் ஏதோ கூட்டத்துக்குப் போய்வந்து, ஏ.ஐ. உதவியாளரைப் பள்ளிக்குக் கொண்டுவந்தார். நூற்பாலை நடத்துகிறவர், புது இயந்திரம் என்றால் அவருக்குப் பயமில்லை. எனக்குத்தான் சந்தேகம். ஆனால் அது செய்த வேலையைக் குறை சொல்ல முடியாது. வாரா வாரம் திங்கட்கிழமை காலை, அந்த வாரத்துக்கான பாடக்குறிப்பைக் கையால் எழுதி என் மேசையில் வைத்துக் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். நான் முழுக்கப் படிப்பதில்லை என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அதில் போகும். உதவியாளர் வந்த பிறகு, பாடத்தையும் வகுப்பின் தரத்தையும் சொன்னால் அது ஒரு வரைவு கொடுத்தது. ஆசிரியர்கள் திருத்திக்கொண்டார்கள். பெற்றோருக்கான சுற்றறிக்கை, மதிப்பெண் தொகுப்பு எல்லாம் அப்படியே. தமிழாசிரியை ஒரு நாள் சொன்னார்: "ஞாயித்துக்கெழமைன்னு ஒண்ணு இருக்கறதே இப்பத்தான் தெரியுதுங்க சார்."

அடுத்தது மாற்று வகுப்புப் பட்டியலையும் அதனிடம் விடுவோம் என்றார் தாளாளர். அதைச் சொல்வதற்காக ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஆசிரியர் கூட்டம் போட்டேன். இயற்பியல் ஆசிரியர் எழுந்தார். நல்ல உழைப்பாளி, வாய் மட்டும் சும்மா இருக்காது.

"ஒரு சந்தேகமுங்க சார். நம்ம ஸ்கூல்ல சில பேருக்கு மட்டும் மூணாவது மாடி கட்டவே இல்லீங்களா?"

சிரிப்பு எழுந்தது.

"யாரச் சொல்றீங்க?"

"நான் யாரையுஞ் சொல்லலீங்க. பிசிக்ஸ் ஏறுது, தமிழ் ஏறுது. கணக்கு மட்டும் மேல ஏற மாட்டேங்குதேன்னு பாத்தனுங்க."

பின்வரிசையிலிருந்து யாரோ, "சாரு ஊட்ல தனியா இருக்கறவரு, நாலு பேருக்கு நல்லது செஞ்சுட்டுப் போறாரு, உடுங்க" என்றார்கள். சிரிப்பு இந்த முறை எழுந்த வேகத்திலேயே அடங்கியது. கணித ஆசிரியை பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். எனக்கோ இந்த வயதில், நாற்பது வருடம் சேர்த்த பெயரில், இப்படி ஒரு சிரிப்பு.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டில் கணினியின் முன்னால் உட்கார்ந்து, கால அட்டவணை முழுவதையும் உதவியாளரிடம் கொடுத்தேன். ஆசிரியர்களைப் பெயரால் அல்லாமல் எண்களால் குறித்திருந்தேன்; அன்றன்றைய விடுப்பைக் கொடுப்பதும், வரும் பட்டியலில் பெயர் போட்டு ஒட்டுவதும் அலுவலகத்தின் வேலை. அது உடனே பட்டியல் போட்டுவிடவில்லை. ஒரு கேள்வி கேட்டது. சொற்கள் ஏறக்குறைய இவைதான்:

"தொடங்கும் முன் ஒன்று கேட்கிறேன். மாடி ஏறுவது, உடல்நிலை போன்ற காரணங்களால் யாருக்காவது தனி ஏற்பாடு தேவைப்படுகிறதா? காரணத்தைச் சொல்ல வேண்டியதில்லை. எந்த எண்ணுக்கு எந்த மாடி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் போதும்."

கணித ஆசிரியையின் எண் எனக்குத் தெரியும். ஒரு வரி போதும். அவருடைய ரகசியம் ரகசியமாகவே இருந்திருக்கும். பிறகு, நாளை ஒட்டப்போகும் பட்டியலை நினைத்தேன். அதிலும் அவர் பெயர் மேலே ஏறியிருக்காது. இயற்பியல் ஆசிரியர் அதன் முன்னால் நின்று படிப்பார். பின்வரிசைக் குரல் மறுபடி கேட்கும்.

"தனி ஏற்பாடு எதுவும் இல்லை. அனைவரும் சமம்" என்று தட்டினேன்.

இரண்டாவது வாக்கியத்தை யாரும் என்னிடம் கேட்கவில்லை. அப்படியானால் எல்லோருக்கும் சமமாகப் பிரிப்பதாகவும், எந்த நாளிலாவது மாற்றம் வேண்டுமென்றால் சொன்னால் உடனே மாற்றித் தருவதாகவும் அது பதில் தந்தது. தினமும் காலையில் பார்த்து நானே கையால் மாற்றிவிடலாம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

முதல் நாட்களில் விடுப்பு குறைவு. கணித ஆசிரியைக்கு மேலே வேலை விழவில்லை. இயற்பியல் ஆசிரியர் என் அறைக்குள் தலையை நீட்டி, "இப்பத்தானுங்க சார் நியாயம்" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இப்போது கூசுகிறது.

ஆவணியில் ஒரு பெரிய முகூர்த்த நாள். அன்றைக்கு இந்தப் பக்கம் கல்யாணம் இல்லாத வீடு இல்லை. பள்ளியில் பாதி ஆசிரியர்கள் விடுப்பு. தாளாளரின் உறவில் ஒரு கல்யாணத்துக்காக நானும் அவரும் காலையிலேயே பெருந்துறைக்குப் போயிருந்தோம். முகூர்த்தம் முடிந்து, காலைப் பந்தியிலேயே விருந்துச் சாப்பாட்டுக்கு இலை போட்டதும் கைப்பேசியில் அன்றைய பட்டியல் வந்தது. கணித ஆசிரியைக்கு மூன்றாவது மாடி, பிறகு கீழ்த்தளம், மறுபடி மூன்றாவது மாடி, மதியத்துக்கு மேல் இன்னொரு முறை மூன்றாவது மாடி. இருந்தவர்களுக்கெல்லாம் அப்படித்தான் பிரிந்திருந்தது. சமம்.

தாளாளர் எட்டிப் பார்த்தார். "பாத்தீங்களா சார், நாம ரெண்டு பேரும் இங்க பந்தியில உக்காந்திருக்கோம், அங்க ஸ்கூலு தானா ஓடுது."

அப்போதுதான் கணித ஆசிரியையின் செய்தி வந்தது. "சார், இன்னைக்கு மூணாவது மாடி மூணு தடவ வந்திருக்குங்க. மாத்த முடியுங்களா?"

அதே கைப்பேசியில் ஒரு வரி தட்டினால் உதவியாளர் மாற்றியிருக்கும். அதுவே சொன்னதுதான். ஆனால் ஒட்டிய பட்டியலை அலுவலகத்தில் கிழித்து வேறு ஒட்டுவார்கள். யாருக்காக மாறியது என்று எல்லோரும் பார்ப்பார்கள். நான் எழுதினேன்: "கணினி போட்டதும்மா. இன்று ஒரு நாள் அனுசரித்துக்கொள்ளுங்கள். மெதுவாக ஏறுங்கள்."

"சரிங்க சார்."

எங்கள் ஊரில் பெரியவர்களிடம் யாரும் முடியாது என்று சொல்வதில்லை. அதிகாரிகளிடம் ஆயுள் முழுக்கச் சரிங்க சொன்னவன் நான். அந்தச் சரிங்கவுக்குள் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிட்டு ரசம் வாங்கிக்கொண்டேன். பாயசமும் சாப்பிட்டேன்.

மதியத்துக்கு மேல் அலுவலகத்திலிருந்து தாளாளருக்குப் போன் வந்தது. கணித ஆசிரியை மூன்றாவது மாடிக்குப் போகும் வழியில், படிக்கட்டுத் திருப்பத்தில் உட்கார்ந்துவிட்டாராம். உதிரப்போக்கு. அவர் மாசமாக இருப்பதே அப்போதுதான் அங்கே தெரிந்ததாம். இயற்பியல் ஆசிரியரும் இன்னொருவரும் நாற்காலியில் உட்காரவைத்துக் கீழே தூக்கிவந்து, கோயம்புத்தூர் மருத்துவமனைக்குக் காரில் கொண்டுபோகிறார்களாம்.

நாங்கள் பெருந்துறையிலிருந்து நேராகப் புறப்பட்டோம். தாளாளரே ஓட்டினார். அவிநாசி தாண்டியதும் கேட்டார்.

"அந்தப் புள்ள மாசமா இருக்கறது உங்களுக்குத் தெரியுங்களா சார்?"

"தெரியும்."

"அப்புறம் கம்ப்யூட்டருக்கு ஏனுங்க தெரியாமப் போச்சு?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னேன்: "அதுக்கு அதெல்லாம் எங்க தெரியும்?"

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் இயற்பியல் ஆசிரியர் உட்கார்ந்திருந்தார். சட்டைக் கையில் கறை. என்னைப் பார்த்ததும் எழுந்தார். "எனக்குத் தெரியாதுங்க சார். தெரிஞ்சிருந்தா அப்படியொரு பேச்சுப் பேசியிருப்பனுங்களா?" அவர் தோளைத் தட்டி, பரவாயில்லை என்றேன். அவரை மன்னிக்கிறவன் மாதிரி.

ஆசிரியையின் கணவர் எங்களுக்குப் பின்னால் வந்து சேர்ந்தார். பெருந்துறை தொழிற்பேட்டையில் அவருக்கு வேலை. நான் பாயசம் குடித்த மண்டபத்துக்கும் அதற்கும் அதிகத் தூரமில்லை. கதவு திறக்கும்போதெல்லாம் எல்லோரும் எழுந்தோம், வேறு யாரோ போனார்கள், உட்கார்ந்தோம். கடைசியில் டாக்டரம்மா வந்தார். குழந்தைக்கு இதயத்துடிப்பு இருக்கிறது, அதற்கு மேல் இப்போது எதுவும் சொல்ல முடியாது, பிரசவம் வரை படுக்கையை விட்டு எழக்கூடாது என்றார். மாடி ஏறியதால்தானா என்று கணவர் கேட்டார். அதனால்தான் என்றும் சொல்ல முடியாது, அதனால் இல்லை என்றும் சொல்ல முடியாது என்றார்.

கணவர் என்னிடம் வந்து, "கம்ப்யூட்டர் போட்டதுன்னு சொன்னாளுங்க. அதுகிட்டக் கோவப்பட்டு என்னங்க ஆகப்போகுது" என்றார். அப்போது சொல்லியிருக்கலாம். வாய் திறந்தேன். "சாப்டீங்களா?" என்று கேட்டேன்.

மறுவாரமே தாளாளர் உதவியாளரை முழுவதுமாக நிறுத்தினார். மாற்று வகுப்புப் பட்டியல் மட்டுமல்ல, பாடக்குறிப்பு, சுற்றறிக்கை எல்லாமே. திங்கட்கிழமைகளில் கையால் எழுதிய பாடக்குறிப்புகள் மறுபடி என் மேசையில் அடுக்கடுக்காக வந்தன. படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். தமிழாசிரியையின் ஞாயிற்றுக்கிழமை போனது என்னால்தான் என்று அவருக்குத் தெரியாது.

அதன் பிறகு எந்த நேரம் போன் அடித்தாலும், குழந்தை தங்கவில்லை என்ற செய்திதான் என்று நினைத்துக்கொண்டே எடுத்தேன். புரட்டாசி போயிற்று, ஐப்பசி போயிற்று. உண்மையைச் சொன்னால் படுத்திருக்கும் பெண்ணின் மனம் அலையும், பிரசவம் முடியட்டும் என்று தள்ளிவைத்தேன். அது அவருக்காக இல்லை. குழந்தை பிழைத்துவிட்டால் சொல்லவே வேண்டியிருக்காது என்று நினைத்தேன்.

தை மாதத்தில், நாள் நிறையும் முன்னாலேயே பெண் குழந்தை பிறந்தது. கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். கணவர் பெட்டிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்து, விரல் விரலாக வர்ணித்தார். வாரக்கணக்கில் அந்தக் கண்ணாடி. பிழைத்துவிட்டது என்று சொன்ன அன்று என் நெஞ்சு லேசாகும் என்று எதிர்பார்த்தேன். ஆகவில்லை.

தாளாளரிடம் ராஜினாமாவைக் கொடுத்துவிட்டு நடந்ததைச் சொன்னேன். அவர் கடிதத்தை மடித்து மேசை இழுப்பறைக்குள் வைத்தார். "உடுங்க சார். வயசான காலத்துல எதுக்குங்க. கம்ப்யூட்டர் மேலயே இருந்துட்டுப் போகட்டும். அதுக்கென்ன மானமா, ரோசமா?"

அங்கிருந்து நேராகக் கணித ஆசிரியையின் வீட்டுக்குப் போனேன். கணவர் வரவேற்று உட்காரவைத்து, காப்பி கொண்டுவந்து கொடுத்தார். குழந்தை அழ, உள்ளே போனார். அந்த இடைவெளியில், எதிரில் உட்கார்ந்திருந்த ஆசிரியையிடம், உதவியாளர் கேட்ட கேள்வியையும் என் பதிலையும் சொன்னேன். வார்த்தை மாற்றாமல் சொன்னேன்.

அவர் எழுந்துபோய் உள்ளறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"காரணம் சொல்ல வேண்டாம்னு கேட்டுதுங்களா சார்?"

"ஆமாம்மா."

"நம்பர் மட்டும் போதும்னு?"

"ஆமாம்."

"அப்புறம் ஏனுங்க சார்?"

"அன்னைக்குக் கூட்டத்துல சிரிச்சாங்களே, அதுக்குப் பயந்து."

அவர் என்னை நேராகப் பார்த்தார். "என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமுங்க. எல்லார் முன்னாடியும் நானே எந்திரிச்சு மாசமா இருக்கறன்னு சொல்லிப்போட்டிருப்பேன். அந்தச் சிரிப்பு அதோட நின்னிருக்குமுங்க."

கணவர் குழந்தையோடு வெளியே வந்தார். நாங்கள் பேசியது எதுவும் அவர் காதில் விழுந்திருக்கவில்லை. "சார் மடியில வெக்கட்டுங்களா? பெரியவங்க நீங்க, ஒரு வார்த்த நல்லதாச் சொல்லுங்க" என்று குனிந்தார். நான் கையை நீட்டிவிட்டேன்.

"இப்பத்தான் பால் குடிச்சுதுங்க. என்கிட்டக் குடுங்க" என்று ஆசிரியை குழந்தையை வாங்கிக்கொண்டார். முந்தானையால் அதன் தலையை மூடி, நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

"காப்பி ஆறுதுங்க சார். குடிங்க."

குடித்தேன்.