செம்புக்கு எழுதிய ஒப்பந்தம்

என் அக்கா பேங்க் வேலையை விட்டுவிட்டு ஒரு சரக்கு வர்த்தகக் கம்பெனியில் சேர்ந்தபோது, அங்கே அவளுக்கு என்ன வேலை என்று வீட்டில் யாருக்கும் புரியவில்லை. விசிட்டிங் கார்டில் ஒரிஜினேஷன், ஸ்ட்ரக்சரிங் என்று இரண்டு பெரிய வார்த்தைகள். விளைகிற இடத்துக்கே போய்ச் சரக்கைப் பிடிப்பது முதலாவது. விற்பவருக்கும் வாங்குபவருக்கும் கை சுடாதபடி ஒப்பந்தத்தை வடிவமைப்பது இரண்டாவது.

"சுருக்கமாச் சொன்னா தரகு," என்றார் அப்பா. அக்கா அன்று சாப்பிடவில்லை.

ஆறு மாதம் புரொபேஷன். அதற்குள் சொந்தமாக ஒரு ஒப்பந்தமாவது பிடித்தால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் நடையைக் கட்ட வேண்டியதுதான். நான்கு மாதம் அவள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்தாள். வியாபாரிகள் டீ வாங்கிக் கொடுத்தார்கள், அவள் வரைந்த விலைக் கோடுகளை மரியாதையாகப் பார்த்தார்கள், அனுப்பி வைத்தார்கள். ஐந்தாம் மாதம் ஒரு மக்காச்சோள வியாபாரி மாட்டினார். அக்கா அப்படித்தான் சொன்னாள், மாட்டினார் என்று.

கம்பெனி அதுவரை வாங்கி விற்றது செம்புத் தகடு மட்டும்தான். அதற்கான ஒப்பந்தம் ஒன்று, பெரிய பெரிய வக்கீல்கள் பார்த்துப் பார்த்து எழுதியது, கம்ப்யூட்டரில் தயாராக இருந்தது. 'செம்பு' வந்த இடத்திலெல்லாம் அக்கா 'மக்காச்சோளம்' என்று மாற்றினாள். விலை விழுந்தால் என்ன செய்வது, போர் வந்தால் என்ன செய்வது, துறைமுகத்தில் ஸ்டிரைக் என்றால் என்ன செய்வது, எல்லாம் அதில் இருந்தது. ஈரத்தைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை. செம்புத் தகட்டுக்கு ஏது ஈரம்? மேலதிகாரிகள் மூன்று பேர் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்கள். அந்தப் பதினெட்டுப் பக்கத்தையும் ஒரு வரி விடாமல் படித்த ஒரே ஆள் வியாபாரிதான். படித்து முடித்து, "ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்கம்மா," என்றார். அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

முதல் லாரி வந்த அன்றைக்கே கம்பெனியின் குடோன்காரர் ஃபோன் செய்தார். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

"மேடம், சோளம் காயவே இல்லை. ஈரம் பார்க்கிற மெஷின்ல இருபத்திரண்டு காட்டுது. பதினாலுக்கு மேல போனா தாங்காது. திருப்பி அனுப்பிடவா?"

"எதைக் காட்டித் திருப்பறது? ஒப்பந்தத்துல ஈரம்னு ஒண்ணுமே இல்லையே. இறக்கிக்கோங்க."

"சரி மேடம். நோட்டுல எழுதி வெச்சுக்கறேன்."

மூன்று வாரத்தில் மூட்டைகளில் பூஞ்சை பிடித்தது. வாங்க வேண்டிய மில் வேண்டாம் என்று கையை விரித்தது. கம்பெனியில் விசாரணை வைத்தார்கள். ஒப்பந்தம் தப்பு என்றால் மூன்று கையெழுத்துக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஆகவே குடோன் கூரை ஒழுகியது, குடோன்காரர் கவனிக்கவில்லை என்று முடிவானது. அந்த மூன்று வாரத்தில் ஒரு தூறல்கூட விழவில்லை. ஆனாலும் கூரை ஒழுகியது.

குடோன்காரர் நோட்டைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். வாசலைத் தாண்டி உள்ளே வரக்கூட மாட்டேன் என்றார்.

"லாரி வந்த அன்னிக்கே எழுதினது மேடம். நான் உங்களுக்கு ஃபோன் பண்ணினேன்ல, அதை மட்டும் மேல சொல்லிடுங்க. என் வேலை தப்பிச்சுடும்."

"கண்டிப்பா சொல்றேண்ணா," என்று அக்கா நோட்டை வாங்கி வைத்துக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. அது நடிப்பு இல்லை, எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை நோட்டோடு ஆபீஸ் போனவள், சாயங்காலம் வேலை நிரந்தரம் என்ற கடிதத்தோடு வந்தாள். தரகு என்று சொன்ன அப்பா அதை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குக் காட்டப் போனார்.

"நோட்டு என்னாச்சு?" என்றேன்.

"பையிலதான் இருக்கு. அவர் அனுபவசாலிடி. எந்த குடோன்லயும் கூப்பிட்டு வேலை கொடுப்பாங்க. என்னை யார் கூப்பிடுவா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீயெல்லாம் ஒரு மனுஷியா என்று கத்தினேன். இரண்டு நாள் அவள் முகத்திலேயே விழிக்கவில்லை. மூன்றாம் நாள் காலேஜில் எனக்குக் கட்டணம் கட்டக் கடைசி நாள். பணம் கட்டுவது அக்காதான். நானே போய் அவளோடு பேசினேன்.