ஞானாம்பிகை வாங்கிய இரண்டு தட்டுகள்

பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸ் பகுதியில் இருந்த மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் ஞானாம்பிகை கொள்முதல் அதிகாரியாக இருந்தாள். விளம்பரத்தை நம்பி அவள் எதையும் வாங்கியதில்லை. மாதிரியை வரவழைத்துத் தானே சோதித்த பிறகே கையெழுத்திடுவாள். கோபத்தையும் அவள் அவ்வாறே கையாண்டாள்.

கோபத்திற்கு உரியவன் அங்கேயே பொறியாளனாக இருந்த ஆனந்தராஜா. 1992இல் தாயாரோடு அவளைப் பெண்பார்க்க வந்தான். வடை தின்றான், சிரித்துப் பேசினான். மறுநாள் கேண்டீனில் நண்பர்களிடம், "அவ தோளையும் கையையும் பார்த்தீங்களா? பக்கத்துல நின்னா, நான்தான் பொண்ணுன்னு நினைச்சு எனக்கே தாலி கட்டிடுவாங்க லா" என்றான். மேசை குலுங்கச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு தொழிற்சாலைப் பேருந்தில் ஏறிக் கோயில்வரை போயிற்று. பினாங்கில் அவர்களைப் போன்ற யாழ்ப்பாணக் குடும்பங்கள் கொஞ்சம்தான். அதன்பிறகு அவளைக் கேட்டு ஒருவரும் வரவில்லை.

அதே கூட்டத்தின் நடுவே அவன் தலைகுனிந்து நிற்க வேண்டும். அவளுடைய ஆசையெல்லாம் அந்த ஒன்றில் வந்து நின்றது.

தொழிற்சாலையின் அமெரிக்கப் பொறியாளர்கள் பின்புறத் திடலில் சங்கிலிக் கூடைகளை நட்டு, 'டிஸ்க் கோல்ஃப்' என்னும் ஆட்டத்தைப் பழக்கியிருந்தார்கள். கையால் வீசும் பிளாஸ்டிக் தட்டைக் குறைந்த வீச்சுகளில் கூடைக்குள் சேர்ப்பவர் வெல்வார். ஆட்டத்துக்கென ஊழியர்கள் அமைத்த மன்றத்தின் கேப்டன் ஆனந்தராஜாதான். கோப்பையும் ஆண்டுதோறும் அவனுக்கே. கடைசிக் கூடையில்தான் எல்லாரும் தோற்றார்கள். அங்கே வலப்புறம் கம்பிவேலி, இடப்புறம் பெருங்கால்வாய், நடுவே ஒடுங்கிய புல்தரை. 'டிரைவர்' எனப்படும் தொலைவுத் தட்டு நேராகத்தான் புறப்படும்; வேகம் தணிந்ததும் இடப்பக்கம் சாய்ந்து கால்வாயில் விழும். ஆனந்தராஜாவின் தட்டு மட்டும் சாயாது. கையின் திறமை என்று அவன் சொல்லிக்கொண்டான்.

ஞானாம்பிகை மன்றத்தில் சேர்ந்தாள். சனிக்கிழமைதோறும் திடலுக்கு வந்து, மன்றத்துப் பெட்டியிலிருந்த தட்டுகளை ஒவ்வொன்றாக வீசிப் பார்த்தாள். வீச்சின் முற்பாதி எல்லாத் தட்டுக்கும் அழகாகவே இருந்தது. கடைசிச் சில அடிகளில்தான் ஒவ்வொன்றின் குணமும் தெரிந்தது. அகன்ற கூர்விளிம்பும் கனமும் கொண்ட தட்டு, மிக வேகமாக வீசுபவருக்கு மட்டுமே பணிந்தது. வேகம் போதாவிட்டால் முடிவில் வெடுக்கென்று இடப்பக்கம் குத்தியது. குறுகிய விளிம்பும் குறைந்த எடையும் உள்ள நிதானமான தட்டோ, மிதமான வீச்சிலும் நேர்கோடு விலகாமல் இறங்கியது. பலகாலம் மரங்களில் மோதி விளிம்பு மழுங்கிய பழைய தட்டும் அப்படியே. ஆனந்தராஜாவிடம் இருந்தது அத்தகைய பழைய தட்டு. அவன் வீச்சில் ஆர்ப்பாட்டம் இருந்த அளவுக்கு வேகம் இல்லை. இது அவனுக்கே தெரியாது என்று உறுதியானபோது அவள் உள்ளம் குளிர்ந்தது.

1995இல் ஈப்போவைச் சேர்ந்த சந்திரிகாவோடு அவனுக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. மன்றத்தின் சார்பில் திருமணப் பரிசை வாங்கும் பொறுப்பு வழக்கம்போல் ஞானாம்பிகையிடம் வந்தது. அமெரிக்காவிலிருந்து ஒரே பொட்டலத்தில் இரண்டு டிரைவர்களை வரவழைத்தாள். பட்டியலிலேயே கூர்மையானதும் கனமானதும் மாப்பிள்ளைக்கு. இலேசான, நிதானமான, பார்வைக்கு எடுப்பில்லாத மற்றொன்று தன் செலவில் தனக்கு.

திருமணத்துக்கு முன் மன்றத்தார் கேண்டீனில் வைத்த விருந்தில் அவன் பரிசை விளக்கொளியில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "என்ன ஞானம், பழசெல்லாம் மறந்துட்டீங்க போல?"

"உங்களுக்கு எது சரியா வரும்னு பார்த்துத்தான் வாங்கினேன்" என்றாள்.

பிறகு எழுந்து, இத்தனை கோப்பைகளை வென்று தந்த கேப்டனின் பழைய தட்டைப் பெயர்ப்பலகையோடு கேண்டீன் சுவரில் மாட்ட வேண்டும் என்று கேட்டுக்கொண்டாள். கைதட்டல் எழுந்தது. ஆனந்தராஜா முகமெல்லாம் மலர, தானே திருகாணியை எடுத்துத் தட்டின் நடுவில் துளைத்துச் சுவரோடு முடுக்கினான்.

தேனிலவு முடிந்து திரும்பிய வாரமே ஆண்டுப் போட்டி. கடைசிக் கூடைக்கு வந்தபோது ஆனந்தராஜாவும் ஞானாம்பிகையும் சமநிலையில் இருந்தார்கள். அவனுடைய புதுத் தட்டு சீறிக்கொண்டு போய், பாதி வழிக்குமேல் இடப்பக்கம் சாய்ந்து கால்வாயில் விழுந்தது. காற்று என்றான். விதிப்படி மறுபடி வீசினான். கடன் வாங்கிய தட்டும் முன்னதைத் தேடிக்கொண்டே கால்வாய்க்குள் போனது. ஞானாம்பிகை கையைச் சமமாக வைத்து வீசினாள். அவள் தட்டு வேலிக்கும் கால்வாய்க்கும் நடுவே, இழுத்துக் கட்டிய கயிற்றின்மீது போவதுபோல் போய்க் கூடையடியில் அமர்ந்தது; அடுத்த வீச்சில் கூடைக்குள் விழுந்தது. கோப்பை அவளுக்கு.

கால்சட்டையை மடித்துவிட்டு, நீண்ட கழியால் ஆனந்தராஜா கால்வாயைத் துழாவினான். அன்றைய கேண்டீன் நண்பர்களே கரையில் நின்றார்கள். "கேப்டன், மீன் ஏதாச்சும் மாட்டுச்சா?" என்றான் ஒருவன். மற்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள்.

சந்திரிகா தயங்கித் தயங்கி ஞானாம்பிகையிடம் வந்தாள். "அக்கா, இன்னிக்கு இவர் சாப்பிடவே மாட்டார் லா. நேராப் போற தட்டு எதுன்னு சொல்லுங்களேன், வாங்கிக் கொடுத்திடுறேன்."

ஒன்றுமறியாத பெண். உண்மையைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும்; அது ஞானாம்பிகையின் நாநுனி வரைக்கும் வந்துவிட்டது. கால்வாய்ப் பக்கம் பார்த்தாள். சிரிப்பு இன்னும் ஓயவில்லை. அவளுக்கு அது போதவில்லை.

"இதைவிடக் கனமா ஒண்ணு புதுசா வந்திருக்கு, தங்கச்சி" என்றாள் கனிவாக. "நானே வரவழைச்சுத் தர்றேன்."

திங்கட்கிழமை காலை அலுவலகத்தில் அவள் செய்த முதல் வேலை அதுதான்.