கடலுக்கடியில் இறங்க ஒரு கையெழுத்து

என் வீட்டுக்காரர் கடலுக்கு அடியில் போகப்போவதாகச் சொன்னபோது நான் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தேன். முறம் கையை விட்டு நழுவிப் பாதி உளுந்து தரையில் சிதறியது. அவர் அதைப் பார்க்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து எதிர்ச்சுவரைப் பார்த்தபடி இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னார்.

"அந்தமான் போறோம். அங்க முதுகுல சிலிண்டர் கட்டிக்கினு கடலுக்குள்ள எறக்குறாங்களாம். நான் எறங்கப்போறேன்."

சிலிண்டர் என்றால் எனக்குச் சமையலறையில் இருக்கிற சிவப்புச் சிலிண்டர்தான் தெரியும். அதைக் கட்டிக்கொண்டு ஒரு மனிதர் கடலில் இறங்குவதை நினைத்துப் பார்த்தேன். இறங்குவார், சரி. அப்புறம் எப்படி ஏறுவார்? சமையலறை வாசலில் நின்று அதைத்தான் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. சிரித்தார்.

அந்தச் சிரிப்பைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நான் ஏதாவது கேட்டால் பல நேரம் அவர் பேசமாட்டார். உதட்டை மூடிக்கொண்டு லேசாகச் சிரிப்பார், அவ்வளவுதான். உன் பேச்சுக்கெல்லாம் பதில் வேறா என்று கேட்பதுபோல் இருக்கும். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். குரலும் சின்னது. கடையில்கூட இரண்டு முறை கேட்டால்தான் சாமான் கிடைக்கும். அதனால் அந்தச் சிரிப்பைப் பொறுத்துக்கொள்ளப் பழகிவிட்டேன், ஒரு தடவையைத் தவிர.

எங்கள் மகளுக்கு அஞ்சு வயது இருக்கும்போது எனக்கு நாள் தள்ளிப்போனது. யாரிடமும் சொல்லவில்லை, கூச்சம். நிச்சயமாகத் தெரிந்தபிறகு அவரிடம் சொல்லலாம் என்று இருந்தேன். அதற்குள் கலைந்துவிட்டது. மறுநாள் காலை அவர் குனிந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நின்று, வந்ததையும் போனதையும் சேர்த்து ஒரே மூச்சில் சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். அதே சிரிப்பு. சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். அதற்கப்புறம் ஒன்பது வருடம் சோறு போட்டேன், துணி துவைத்தேன், கேட்டதற்குப் பதில் சொன்னேன். மனசுக்குள் மட்டும் அவரோடு பேச்சை நிறுத்திவிட்டேன். அது அவருக்குத் தெரியாது.

ஆவடியில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் அப்போது குடியிருந்தோம். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருடம். அரசாங்க வேலைக்காரர்கள் நாலு வருடத்துக்கு ஒருமுறை குடும்பத்தோடு நாட்டில் எங்கே வேண்டுமானாலும் போய்வரலாம். எல்.டி.சி. என்பார்கள். எங்கள் பிளாக்கில் எல்லாரும் காசிக்கோ டெல்லிக்கோ போய்விட்டு வந்து, வீட்டுக்கு வீடு சின்னத் தாஜ்மகால் பொம்மை கொடுப்பார்கள். எங்கள் வீட்டிலேயே நாலு இருந்தது. அந்தத் தடவை காசி என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடல் ஆசையைக் கிளப்பிவிட்டவர் எதிர் பிளாக்கில் இருந்தார். கப்பற்படையில் இருந்து ஓய்வு வாங்கித் தொழிற்சாலையில் சேர்ந்தவர். அவருடைய பழைய நண்பர் ஒருவர் அந்தமானில் ஒரு தீவில் ஆட்களைக் கடலுக்குள் கூட்டிப்போகும் வேலையை ஆரம்பித்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கப்பற்படைக்காரர் எங்கள் வீட்டுக்கே வந்து பாடம் நடத்தினார்.

"கீழ போனா பேசவே முடியாது தங்கச்சி. வாயில ரப்பர் கீது, அதுலதான் மூச்சு உடணும். எல்லாம் கைதான். இதோ பாரு, ரெண்டு விரலையும் வளையம் மாதிரி வெச்சா, நல்லா கீறேன்னு அர்த்தம். கட்டைவிரலைத் தூக்குனா, மேல போலாம்னு அர்த்தம். சூப்பர்னு நெனச்சிக்கினு தூக்கிடப்போறாரு உங்க ஊட்டுக்காரரு. மேல இழுத்துகினு வந்துடுவாங்க."

மகள் சிரித்தாள். "அம்மா சாம்பாரு நல்லாருக்குன்னு காட்டுனா, சாம்பாரையும் மேல தூக்கிக்கினு போய்டுவாங்களா அங்கிள்?"

அடுத்து அவர் உள்ளங்கையைக் கவிழ்த்து நீட்டி இப்படியும் அப்படியும் ஆட்டிக் காட்டினார். முகம் மாறிவிட்டது. "இதுதான் முக்கியம். எனக்கு என்னவோ சரியில்லன்னு அர்த்தம். கூட கீற ஆளு இதைப் பாத்தா கேள்வி கேக்கக் கூடாது. அவன் கையைப் புடிச்சிக்கினு ரெண்டு பேரும் ஒண்ணா மேல வந்துடணும். வுட்டுட்டு வரக் கூடாது."

என் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் ஒரே தடவையில் பிடித்துக்கொண்டார். கப்பற்படைக்காரருக்கே ஆச்சரியம்.

"எங்க ஷாப்புல இருவது வருசமா நாங்க இப்படித்தாம்பா பேசிக்கினு கீறோம்" என்றார் இவர்.

அது உண்மை. ஷாப் என்பது தொழிற்சாலையில் ஒரு பிரிவு; அவர் தகடு அடிக்கும் பிரிவில் இருந்தார். அங்கே நாள் முழுக்க இரும்பின்மேல் இரும்பு விழும் சத்தம். யாரும் வாயால் பேச முடியாது. சுத்தியல் வேண்டும், நிறுத்து, டீ வந்துவிட்டது, அதிகாரி வருகிறார், எல்லாவற்றுக்கும் கைதான். அந்தப் பிரிவு ஆட்கள் வெளியில் வந்தால் கத்திப் பேசுவார்கள். குவார்ட்டர்ஸில் அவர்களைக் கிண்டல் செய்வதுண்டு. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், இவருக்குத் தொண்டை பெரிது என்று.

பிறகு தீவிலிருந்து தபாலில் ஒரு தாள் வந்தது. முழுக்க ஆங்கிலம். மகள் ஒன்பதாம் வகுப்பு, அவள்தான் வாசித்துச் சொன்னாள். முதல் பக்கத்தில் இருபது கேள்வி. இதயம் எப்படி, மூச்சு எப்படி, வலிப்பு உண்டா, காது எப்படி. எல்லாவற்றுக்கும் அவர் 'இல்லை' என்று சரசரவென்று டிக் போட்டிருந்தார். அடியில் ஒரு டாக்டர் பரிசோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அது இல்லாமல் கடலில் இறக்கமாட்டார்கள். இரண்டாம் பக்கத்தை வாசிக்கும்போது மகளின் குரல் இறங்கிவிட்டது.

"கீழ போறவங்க செத்துப்போனா கூட்டிப்போறவங்க பொறுப்பில்லயாம்மா. குடும்பத்துலேர்ந்து யாரும் கேக்கக் கூடாதாம். அதுக்கு நீ கையெழுத்துப் போடணுமாம்."

ஒரு ஆள் சாவதற்கு முன்னாலேயே பெண்டாட்டியிடம் ஒப்புதல் வாங்கி வைத்துக்கொள்ளும் ஊர் ஒன்று இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. அவர் பேனாவைத் திறந்து நீட்டினார், பால் அட்டைக்குக் கையெழுத்துக் கேட்பதுபோல.

"டாக்டர் போட்டா நானும் போடுறேன்" என்றேன்.

அவர் சிரித்தார். மகள் உரக்கத் திரும்பச் சொன்னபிறகு, "ம், ஆவட்டும்" என்றார்.

தொழிற்சாலைக்கே ஆஸ்பத்திரி இருக்கிறது, நடந்துபோகும் தூரம். இவரோ பூந்தமல்லியில் ஒரு டாக்டரிடம்தான் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. பஸ்ஸில் போகும்போது பருத்திப்பட்டு ஏரியைத் தாண்டுகிறவரை நான் ஒரே வேண்டுதலாக வேண்டிக்கொண்டிருந்தேன். டாக்டர் முடியாது என்று சொல்ல வேண்டும். காரணம் என்னவாக இருந்தாலும் சரி, முடியாது என்றால் போதும்.

டாக்டர் வயதானவர், நிதானமானவர். நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார், ரத்த அழுத்தம் பார்த்தார். எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். என் வேண்டுதல் பலிக்கவில்லை என்று நினைத்தேன். அப்புறம் சின்ன விளக்கை எடுத்தார்.

"காதைக் காட்டுங்க."

"அதெல்லாம் வேணா டாக்டர். கையெழுத்து மட்டும் போட்டாப் போதும்."

"தண்ணிக்குள்ள போறதுக்கு முதல்ல பாக்க வேண்டியதே காதுதான் சார்."

இடது காதைப் பார்த்தார். வலது காதைப் பார்த்தார். வலது காதை வெகுநேரம் பார்த்தார். பிறகு நாற்காலியை அவருக்கு வலதுபக்கம் கொஞ்சம் பின்னால் நகர்த்தி உட்கார்ந்து, இடது காதை ஒரு விரலால் மூடிக்கொள்ளச் சொன்னார். ஒரு அட்டையால் தன் வாயை மறைத்துக்கொண்டு, சாதாரணமாகக் கேட்டார்.

"உங்களுக்கு எத்தனை பசங்க?"

என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலையில என்ன சாப்பிட்டீங்க?"

அவர் மெல்லத் திரும்பி டாக்டரைப் பார்த்தார். உதட்டை மூடிக்கொண்டு லேசாகச் சிரித்தார்.

நான் உட்கார்ந்திருந்த பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அது என்னுடைய சிரிப்பு. எனக்கென்று வைத்திருக்கிறார் என்று ஒன்பது வருடம் நான் நம்பிய சிரிப்பு. முன்பின் தெரியாத டாக்டரைப் பார்த்து அதையே சிரிக்கிறார்.

"வலது காதுல சவ்வு ஓட்டைம்மா" என்றார் டாக்டர் என்னிடம். "எப்பவோ சீழ் வந்து, பாக்காம விட்டிருக்காரு. பல வருஷமாச்சு. அந்தப் பக்கம் ஒண்ணுமே கேக்காது. இடது காதும் இரைச்சல்ல பாதி போயிருக்கு. இவரைத் தண்ணிக்குள்ள விட முடியாது. தலைக்குத் தண்ணி ஊத்துறதுகூடப் பாத்துத்தான்."

கையெழுத்தில்லாத தாளை மடித்து அவரிடமே கொடுத்தார். நான் வேண்டியது அப்படியே நடந்துவிட்டது.

குவார்ட்டர்ஸில் எல்லா வீடும் ஒரே அச்சு. முன்னறையில் நாற்காலி, அதற்கு வலதுபக்கம் சமையலறை வாசல். நான் பேசியதெல்லாம் அந்த வாசலில் நின்றுதான். ஷூ மாட்டும் முக்காலியும் அந்தப் பக்கம்தான். கட்டிலிலும் சுவர்ப்பக்கம் அவருக்கு, வலதுபக்கம் எனக்கு. மகளுக்கு இடிபோலக் குரல். கப்பற்படைக்காரருக்கும் அப்படியே. பிரிவில் எல்லாருக்கும் கைப்பேச்சு. அந்தக் கேட்காத காதுப் பக்கமே நின்று பேசிய குரல் என் குரல் ஒன்றுதான்.

திரும்பும்போது அவர் தாளைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு பஸ் ஏறினார். பருத்திப்பட்டு வந்ததும் திடீரென்று எழுந்து இறங்கிவிட்டார். நானும் பின்னாலேயே இறங்கினேன். ஏரிக்கரையில் போய் உட்கார்ந்தார். வெயில் இன்னும் இறங்கவில்லை. பழக்கத்தில் வலதுபக்கம் உட்காரப்போனவள், சுற்றிக்கொண்டு போய் இடதுபக்கம் உட்கார்ந்தேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது என்று அவருக்குப் புரிந்தது.

"ஃபேக்டரி ஆஸ்பத்திரில காது போச்சின்னு எழுதிட்டாங்கன்னா ஷாப்ப வுட்டு மாத்திடுவாங்க" என்றார். "எங்கனா ஆபீஸுல ஸ்டூல்ல ஒக்கார வெப்பாங்க. அங்க எல்லாம் வாயில பேசுவாங்க. நான் இன்னா பண்ணுவேன்?"

"ஊட்லயாச்சும் சொல்லியிருக்கலாமில்ல?"

காதருகே போய்க் கேட்டேன். அவருக்குக் கேட்டது.

"சொன்னா செவுடன்னு ஆயிடும். கேக்கலன்னா சிரிச்சிடுவேன். சண்டை வராது பாரு." ஏரித் தண்ணீரைக் கைகாட்டினார். "கீழ யாரும் பேச மாட்டாங்களாம். எல்லாரும் என்னை மாதிரிதான். அதான் ஒரு தபா போலாம்னு."

அந்த இடத்தில் நான் சும்மா இருந்திருக்கலாம். அன்றைக்கு ஒரு மனிதருக்கு அதுவே அதிகம். ஆனால் ஒன்பது வருடம் அடக்கிவைத்ததை என்னால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. அவர் இடது காதில் வாயை வைத்து, ஷூ மாட்டிய அந்தக் காலையில் சொன்னதை மறுபடி முதலிலிருந்து சொன்னேன். மெதுவாகச் சொன்னதில் பாதி அவருக்குக் கேட்கவில்லை. "இன்னா? எது?" என்றார். அதனால் கத்த வேண்டியதாயிற்று. என் வாழ்நாளில் நான் அவ்வளவு சத்தம் போட்டதில்லை. வயிற்றில் இருந்ததையும் இரண்டாம் மாதமே போனதையும், ஏரியில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்க்கும் அளவுக்குச் சொன்னேன். "நீங்க சிரிச்சிட்டுப் போய்ட்டீங்க" என்பதையும் சொன்னேன்.

அவர் முகத்தில் ரத்தமே இல்லை. டாக்டர் சொன்னபோதுகூட அப்படி ஆகவில்லை.

"எனக்குத் தெரியாதே" என்றார். கத்தவில்லை. அவர் அப்படி மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. "எனக்குத் தெரியாதே."

மடியில் இருந்த கையை எடுத்தார். உள்ளங்கையைக் கவிழ்த்து நீட்டி, இப்படியும் அப்படியும் ஆட்டினார். விளையாட்டுக்குச் செய்யவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

கேள்வி கேட்கக் கூடாது என்று கப்பற்படைக்காரர் சொல்லியிருந்தார். நான் கேட்கவில்லை. நாலு பேர் பார்க்கும் இடத்தில் அதுவரை நான் அவர் கையைத் தொட்டதில்லை. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன், அவரும் எழுந்தார். அப்படியே பஸ் நிறுத்தம் வரை நடந்தோம்.

அந்தமானுக்குப் போகத்தான் செய்தோம். கப்பலில் மூன்று நாள். தீவில் அவர் முட்டியளவு தண்ணீரில் நின்றுகொண்டு, சிலிண்டர் கட்டி இறங்குகிறவர்களைப் பார்த்தார். ஒரு ஆள் உள்ளே போவதற்கு முன் கரையைப் பார்த்து இரண்டு விரலை வளையமாகக் காட்டினான். இவரும் காட்டினார். நான் இவருக்கு இடதுபக்கம் நின்றிருந்தேன்.